கசெட்டின் மறுபக்கம்

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது கதை தொடங்கினால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறவன். இப்போதும் அப்படித்தான். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், ஆனால் ஒரு சாத்திரியாரிடமும் இதுவரை கை நீட்டியதில்லை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அது கிடைக்கும் என்பது என் எண்ணம். நடந்ததை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கமும் எனக்கு இருக்கிறது, அதனால் ஞாபகம் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. இவ்வளவையும் முதலில் சொல்வது, கேட்டு முடிந்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான். இதில் நள்ளிரவு கிடையாது, சுடுகாடு கிடையாது. பட்டப்பகல், பாரிஸ் நகரம், ஊரிலிருந்து வந்த புது மனைவி.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பல் பகுதியில் அப்போது தமிழ்க் கடை என்று சொல்ல இரண்டு மூன்றுதான் இருந்தன. நான் ஊர்ப் பெடியன்கள் சிலரோடு ஓர் அறையில் இருந்தேன். ஒரு பெரிய உணவகத்தில் முதலில் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டும் இடத்துக்கு உயர்ந்தேன். திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. ஞாயிறுதான் அங்கே வேலை உச்சம், காலையில் உள்ளே போனால் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகுதான் வெளியே வரலாம். அந்த உணவகத்தில் வேலை செய்த காலம் முழுவதும் ஒரு ஞாயிறுகூட எனக்கு ஓய்வு கிடைத்ததில்லை.

அறையில் எல்லோருக்கும் ஊர் ஞாபகம். எனக்கு மட்டும் இந்த நகரம் பிடித்துப் போயிருந்தது, அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அங்கே சண்டை நடக்கிறது, அம்மா பங்கருக்குள் இருக்கிறா, இவனுக்குப் பாரிஸ் வடிவாக இருக்குதாம் என்று சிரிப்பார்கள். லா சப்பலில் மெத்ரோ ரயில் நிலத்துக்கு மேலே, வீடுகளின் மூன்றாம் மாடி யன்னல்களுக்கு நேரே ஓடும், கீழே பெரிய நிலையங்களின் தண்டவாளங்கள் ஆற்றைப் போல விரிந்து கிடக்கும். திங்கட்கிழமைகளில் நான் காரணமே இல்லாமல் அதில் ஏறி இரண்டு தரிப்பு தள்ளி இறங்கிக் கால்வாய்க் கரையால் நடப்பேன். ஒருத்தி வந்தால் அவளுக்கு இதையெல்லாம் காட்டவேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை.

அக்கா ஊரில் பெண் பார்த்தாள். பெயர் தவமலர். சாதகம் பொருந்தியது. ஆனால் பெண்ணின் தகப்பன் சம்மதிக்கவில்லை. கனடாவில் இருந்தும் ஒரு சம்பந்தம் வந்திருந்தது, அவருக்கு அதில்தான் மனம். "போட்டோவிலை எல்லாரும் வடிவுதான், கதைக்க விட்டுப் பாக்கவேணும்" என்று அவர் சொன்னதாக அக்கா எழுதியிருந்தாள். கதைக்க விடுவது என்றால் கசெட்தான். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்தது அது. றேடியோவில் ஒரு வெற்றுக் கசெட்டைப் போட்டு ஒரு பக்கம் முழுக்கக் கதைத்து ஊருக்கு அனுப்புவோம். மறுபக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவோம், அது வீட்டார் பதில் கதைப்பதற்கு. அவர்கள் கதைத்ததும் அதே கசெட் திரும்பி வரும். மறுபக்கத்திலும் தானே கதைத்து அனுப்புகிறவனை மரியாதை தெரியாதவன் என்று சொல்வார்கள்.

நானும் ஒரு பக்கம் கதைத்தேன். கேட்கப்போகிறவர் வருங்கால மாமனார், ஆகையால் வேலை, விசா அட்டை, குடிப்பழக்கம் இல்லை என்பது, குளிருக்கு என்ன உடுக்கிறேன் என்பது, இவ்வளவுதான். பாரிஸ் வடிவு என்று ஒரு சொல் சொல்லவில்லை. மறுபக்கத்தை விட்டு அனுப்பினேன். கசெட் திரும்பி வரவில்லை, சம்மதம் வந்தது. பிறகும் சில கசெட் அனுப்பினேன், ஒன்றும் திரும்பவில்லை. மலர் கடிதம் மட்டும் எழுதினாள். குரலைக் காட்ட வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன், உள்ளூரக் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது.

அவள் வந்து சேர்ந்ததும் எங்கள் கலியாணம் நடந்ததும் ஒரு சித்திரை மாதம். அறையைப் பெடியன்களிடம் விட்டுவிட்டு, அதே தெருவில் ஆறாம் மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்கு விளங்கும். மெத்ரோவில் ஏறியதும் "யன்னல் பக்கம் இரும்" என்றேன், அவள் ஏற்கெனவே இடப்பக்க யன்னலோரம் இருந்துவிட்டாள். தண்டவாளங்கள் தெரிவது அந்தப் பக்கம்தான். தற்செயல் என்று நினைத்தேன்.

இறங்கிக் கால்வாய்க் கரையால் நடந்தோம். ஒரு படகு நீர்க்கதவுக்குள் வந்து நின்றது, தண்ணீர் மெல்ல இறங்க அதுவும் இறங்கியது. அவள் சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள். எனக்கும் சந்தோசம். அப்போதுதான் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பச்சைக் கதவுக்கு எப்ப கூட்டிக்கொண்டு போறியள்?"

"எந்தப் பச்சைக் கதவு?"

"பகிடி விடாதேங்கோ. இரும்புப் பாலம் தாண்டித் திரும்பிற இடத்திலை. உள்ளுக்கை அத்திமரம் நிக்கிற வீடு."

நான் அந்தக் கரையால் எத்தனையோ திங்கட்கிழமை நடந்திருக்கிறேன், அப்படி ஒரு கதவு எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாரிசுக்கு வந்து ஒரு கிழமை ஆகாத பெண், பிரெஞ்சில் நன்றி சொல்லக்கூடத் தெரியாதவள், பாலத்தைத் தாண்டி, தச்சுப்பட்டறை ஒன்றைத் தாண்டி, நான் ஒருநாளும் திரும்பியிராத ஒரு சின்னத் தெருவில் திரும்பி நின்றாள். பச்சைக் கதவு. தள்ளினாள், திறந்தது. உள்ளே கல் பாவிய முற்றம், ஒரு மூலையில் பழைய கல் தொட்டி, அதற்குப் பின்னால் சுவரோடு சாய்ந்த அத்திமரம். அப்போதுதான் துளிர்விட்டிருந்தது.

நான் வாயைத் திறக்க முதல், கீழ்வீட்டு யன்னலைத் திறந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். வெள்ளைக்காரி. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், பிறகு மலரைப் பார்த்தாள்.

"இவதானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "நல்லது. கடைசியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்."

மலர் என் சட்டையைப் பிடித்து, "என்ன சொல்லுறா?" என்றாள்.

"ஆள் மாறிக் கதைக்கிறா" என்றேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இவர்களுக்கு ஒரே முகம்தான், அதில் புதுமை இல்லை.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தேகம் தொடங்கியது. உண்மையைச் சொல்கிறேன், என் சந்தேகம் அந்தக் கிழவிமேல் போகவில்லை, மலர்மேல்தான் போனது. அவளுடைய ஊர்ப் பெடியன்கள் இரண்டொருவர் எனக்கு முன்பே பாரிசுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருவன் இவளுக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். இந்த இடத்தை அவன்தான் விபரித்திருக்கலாம், அந்த முற்றத்துக்குப் போய்வருகிறவனும் அவனாக இருக்கலாம், கிழவி என்னை அவன் என்று நினைத்திருக்கலாம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. பொருந்தப் பொருந்த நான் அவளை விட்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "உண்மையைச் சொல்லும். உமக்கு இந்த இடத்தைச் சொன்னது ஆர்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கள்தான்."

"நான் சொல்லேல்லை."

"கசெட்டிலை சொன்னனீங்கள். மற்றப் பக்கத்திலை."

"மற்றப் பக்கத்திலை நான் ஒண்டும் கதைக்கேல்லை. அது உங்கடை ஆக்களுக்கு விட்டது."

"எல்லாரும் முன்பக்கத்தைக் கேட்டு முடிஞ்சு, பதில் கதைக்கிறதுக்கெண்டு நான்தான் திருப்பிப் போட்டனான். வெறுமையோ எண்டு பாக்க ஒருக்கால் அமத்தினால் உங்கடை குரல். 'மலர், இது உமக்கு மட்டும்' எண்டு. நான் உடனை நிப்பாட்டிப்போட்டு, பட்டி சிக்கிப்போச்சு எண்டு அப்பாவுக்குப் பொய் சொன்னனான். ஏன் இப்பிடி முழிக்கிறியள்?"

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒரு கடிதத்திலையும் இதை எழுதேல்லை?"

"எழுத வேண்டாம், கடிதம் கனபேற்றை கைமாறி வாறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தப் பக்கத்தைக் கேட்டுத்தான் நான் கனடாவை வேண்டாம் எண்டனான். வேலையும் விசாவும் எல்லா மாப்பிள்ளையும் சொல்லுறதுதானே."

இந்த இடத்தில் நீங்கள் என் நிலையைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அவள் என்னைக் கட்டியது அந்தக் குரலுக்காக. அந்தக் குரல் நான் இல்லை என்றால் நான் யார்?

பெட்டியிலிருந்து கசெட்டை எடுத்து வந்தாள், மற்றவற்றை ஊரில் விட்டுவிட்டு அந்த முதல் ஒன்றை மட்டும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அட்டையில் என் கையெழுத்து. றேடியோவில் போட்டோம். நம்பினால் நம்புங்கள், அது என் குரல். என்னைப் போன்ற குரல் என்று சொல்லவில்லை. நான் மூச்சு விடுகிற இடம், வசனம் முடியாமல் இழுக்கிற இழுவை, எல்லாம் நான். பின்னால் மெல்லிய தண்ணீர்ச் சத்தமும் புறாக்களின் சத்தமும் கேட்டன. நான் கதைத்தது அறைக்குள் இருந்து, அங்கே கேட்பதெல்லாம் கீழ்த்தெரு வாகனங்கள்தான்.

"மலர், இது உமக்கு மட்டும். ஆக்கள் இல்லாத நேரம் கேளும்" என்று தொடங்கியது. பெண் பார்க்கும் கட்டத்தில் ஒரு பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்குத் துணிவு வந்திருக்காது. பிறகு மெத்ரோ, இடப்பக்க யன்னல், தண்டவாளங்கள், படகு இறங்குகிற நீர்க்கதவு. நான் யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு மனதில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் என்னைவிட வடிவாகச் சொல்லிக்கொண்டு போனது. பச்சைக் கதவும் அத்திமரமும் வந்தன. பிறகு, "வந்த முதல் குளிருக்கை இந்தக் கல்லிலை இருந்துதான் மலர் நான் அழுதனான், ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றது.

நான் அழுதது உண்மை. ஒருவருக்கும் சொல்லாததும் உண்மை. ஆனால் நான் அழுதது உணவகத்தின் நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால்.

மலர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். இருந்தும் எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்து என் சந்தேகம் குகன்மேல் போனது. பழைய அறையில் என்னோடு இருந்தவன், யாரைப் போலவும் கதைத்துக் காட்டுவான், எங்கள் முதலாளியைப் போலக் கதைத்து மற்றவர்களை வேலைக்கு எழுப்பிவிடுவான். ஊருக்குப் போகிறவர்களிடம் கசெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவன்தான். அடுத்த நாளே போய்ப் பிடித்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான், கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அண்ணை, ஒரு பொம்பிளையை மயக்கிறதெண்டால் நான் என்ரை குரலிலை மயக்கமாட்டனே? உங்கடை குரலிலை மயக்க எனக்கென்ன விசரே? சளிபிடிச்ச உபாத்தியார் மாதிரி."

"நீதானே கசெட் எல்லாம் கொண்டுபோய்க் குடுத்தனி."

"பிறகு போனதுகளை. முதல் கசெட் போகேக்கை நான் கொழும்பிலை லொட்ஜிலை கிடந்தனான், மறந்துபோச்சோ? நான் இஞ்சை வரேக்கை உங்களுக்குக் கலியாணமே முற்றாகிப்போச்சு."

அது சரி. அவன் சொன்னதும் எனக்கே ஞாபகம் வந்தது. முதல் கசெட்டை நானே கையால் தபாலில் சேர்த்திருந்தேன்.

அவன் விடவில்லை. "அண்ணிக்கு உங்கடை குரல் பிடிச்சிருக்கெண்டால் பேசாமல் வாங்கி வைச்சிருங்கோவன். ஆர் கதைச்சால் என்ன?"

அவனுக்கு அது பகிடி. எனக்கு அதுதான் கேள்வி.

அடுத்த திங்கட்கிழமை மலரை வீட்டில் விட்டுவிட்டு நான் தனியே அந்த முற்றத்துக்குப் போனேன். கிழவி தொட்டியருகே ஒரு கதிரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டு, என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டீர்கள் என்றேன். தொப்பியைக் கழற்றிக் கிட்டப் போய் முகத்தையும் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"ஞாயிறு காலையில் வருகிறீர்கள். அந்தத் தொட்டி விளிம்பில் உட்காருகிறீர்கள். மடியில் அந்த றேடியோப் பெட்டியை வைத்து உங்கள் மொழியில் கதைக்கிறீர்கள். எனக்கு விளங்காது, ஆனால் மனைவிக்குக் கதைக்கிறீர்கள் என்று தெரியும். ஒருவன் வேறு யாருக்கும் அப்படிக் கதைக்கமாட்டான்."

"ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலையில் நிற்கிறவன், மடாம்."

"அப்படியென்றால் இப்போது வேலை கிடைத்திருக்கிறது, நல்லது" என்றாள். "அவ வந்துவிட்டால் இங்கே இனி வரமாட்டேன் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அதுதான், உங்களை இன்றைக்குக் கண்டதும் எனக்கு அதிசயமாக இருந்தது."

கிழவிக்கு வயது போய்விட்டது, புத்தி தடுமாறியிருக்கும், அல்லது வேறு ஒரு தமிழன் அங்கே வந்து உட்கார்ந்து தன் மனைவிக்குக் கதைத்திருப்பான். இந்த இரண்டையும் நான் அப்போதே யோசித்துவிட்டேன், நீங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த வேறு தமிழனின் குரல் எப்படி என் கசெட்டுக்குள் போனது என்பதற்குத்தான் பதில் இல்லை.

மலர் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவள் இல்லாத ஒரு பின்னேரம் நான் ஒரு காரியம் செய்தேன். புதுக் கசெட் ஒன்று வாங்கிவந்து, அந்த மறுபக்கத்தைத் துண்டு துண்டாகக் கேட்டு, அதே சொற்களை அதே வேகத்தில் என் குரலில் பதிந்தேன். ஒரு சொல் மாற்றவில்லை. "மலர், இது உமக்கு மட்டும்" என்பதிலிருந்து அழுத கதைவரை. அவை எல்லாம் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டிய சொற்கள். இரண்டும் என் குரல், ஆகையால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது, தெரியாமல் போனால் இந்தக் கதையை அன்றோடு விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

அவள் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் நான் பதிந்ததைப் போட்டேன்.

அவள் கையில் கோட்டோடு நின்று கேட்டாள். கொஞ்ச நேரம்தான். முகம் மாறியது.

"இது ஆர் கதைக்கிறது?"

"ஆரெண்டு நினைக்கிறீர்?"

"தெரியேல்லை. ஆரோ உங்களைப் போலக் கதைக்கப் பாக்கிறார்." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கடை சிநேகிதர்மாருக்கு என்ரை கசெட்டைக் குடுத்தனீங்களே? அது எனக்குச் சொன்னது. நிப்பாட்டுங்கோ இதை."

நிறுத்தினேன். நான்தான் அது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால், அப்ப மற்றதிலை கதைச்சது ஆர் என்றுதான் அடுத்து கேட்டிருப்பாள். அவள் போய்ப் பழைய கசெட்டை எடுத்துப் போட்டாள், கட்டிலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், பாரிசுக்கு வெளியே எபினேக்கு வீடு மாறினோம், அந்தக் கசெட்டின் பட்டி ஒருநாள் சுற்றிக்கொண்டு அறுந்துவிட்டது. மலர் அழவில்லை, எல்லாம் மனப்பாடம் என்றாள். எங்களுக்குள் பெரிய குறை என்று ஒன்றும் இல்லை, நல்ல மனைவி, நானும் எனக்குத் தெரிந்த அளவு நல்ல புருஷன். இந்த நகரத்தில் நான் காட்ட நினைத்த இடமெல்லாம் அவளோடு போயிருக்கிறேன். பச்சைக் கதவுப் பக்கம் மட்டும் பிறகு போகவில்லை.

ஒன்றுதான். வேலையிடத்திலிருந்து நான் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். என் எண் அவளுடைய திரையில் விழுகிறது, என் பெயரும் விழுகிறது, பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள். "மலர்" என்கிறேன். மறுமுனையில் உடனே பதில் வருவதில்லை. மூச்சுச் சத்தம் கேட்கும், அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரியும். எத்தனையோ வருடமாக இப்படித்தான், ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு, காத்திருந்த ஒன்றைக் கீழே வைத்துவிடுகிறவள் போல மெல்லச் சொல்வாள்.

"ஓ… நீங்களோ."